இலண்டனில் எழுதப்படும் துண்டு

அனுசரணை என்பது பழுதற்ற சொல். ஆதரவு, பரிவு, பக்கத்தில் நிற்றல் என்று பொருள்படும். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் அனுசரணை வழங்கியோரின் பெயரை நாம் மரியாதையோடு வாசிக்கிறோம். அதே சொல்லுக்குச் சில ஆண்டுகளாகச் சாவகச்சேரிச் சந்தையிலும் பருத்தித்துறை பஸ் நிலையத்திலும் விலை பேசப்பட்டு வந்திருக்கிறது. "ஸ்பொன்சர் சரிவந்துவிட்டதோ?" என்று ஒருவர் கேட்பார், "காசு கட்டியாயிற்று, கடிதந்தான் வரவேண்டும்" என்று மற்றவர் விடை சொல்வார். தரகர் அதைச் சி. ஓ. எஸ். என்பார். பிரித்தானிய உள்துறை அமைச்சின் ஏட்டில் அஃது அனுசரணைச் சான்றிதழ். இச்சான்றிதழைப் பற்றியும், இதைச் சுற்றி எழுந்த வியாபாரத்தைப் பற்றியும், இவையெல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சட்டத்தைப் பற்றியும் எமது அரசியல் மேடைகளில் மூச்சுக்கூட விடுவாரில்லை. பேசவேண்டியவர்கள் பேசாதபடியால் நாம் பேசுகிறோம்.

சட்டம் சொல்வது யாது என்பதை முதலிற் பார்ப்போம். பிரித்தானியாவின் தேர்ச்சித் தொழிலாளர் விசாவும், அதன் கிளையான சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசாவும் ஒரே அத்திவாரத்தின்மேல் நிற்பவை. வெளிநாட்டார் ஒருவர் அங்கு வேலை செய்ய வேண்டுமானால், உள்துறை அமைச்சிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாளி ஒருவர் அவர் பெயருக்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். இன்ன கம்பனி, இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். நாட்டில் இருக்கும் உரிமை அந்த வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பிறரிடம் மேலதிகமாக உழைக்க இடமுண்டு. அதுவும் மூல வேலை நிலைத்திருக்கும் வரைதான். முதலாளியை மாற்ற விரும்புபவர் அனுமதிப்பத்திரமுள்ள இன்னொருவரைத் தேடிப் பிடித்து, புதிய சான்றிதழ் பெற்று, புதிதாக விண்ணப்பித்து, புதிதாகக் கட்டணமும் செலுத்தி, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை நின்றுபோனால், அதைப் பத்து வேலை நாட்களுள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டியவரும் முதலாளியே. அறிவித்த பின் அமைச்சு விசாவின் காலத்தை வெட்டிக் குறைக்கும். எஞ்சுவது வழக்கமாக 60 நாள். அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலையாள் பிழை செய்து வேலையை இழந்தாற்கூட இது கடுமையான விதி. ஆனால் முதலாளி பிழை செய்து, அந்தப் பிழையை அரசே கண்டுபிடித்து, அவருடைய அனுமதிப்பத்திரத்தைப் பறித்தாலும் வேலையாளுக்குக் கிடைப்பது அதே 60 நாள்தான். 2022 யூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மாத்திரம் 470க்கு மேற்பட்ட அனுமதிப்பத்திரங்களை இரத்துச் செய்ததாகப் பிரித்தானிய அரசு அறிவித்தது. அம்முதலாளிமாரோடு 2020 ஒக்டோபர் தொடக்கம் தொடர்புபட்டிருந்த வேலையாட்களின் தொகை 39,000க்கு மேல். களவு செய்தவன் பத்திரத்தை இழந்தான். களவு கொடுத்தவன் நாட்டில் இருக்கும் உரிமையை இழந்தான். இதற்குப் பெயர் துர்ப்பிரயோகத்தை ஒழிக்கும் நடவடிக்கையாம்!

மலைநாட்டின் சரித்திரம் அறிந்தோருக்கு இஃது எங்கோ கேட்ட கதையாகத் தோன்றும். தோன்ற வேண்டும். தேயிலைத் தோட்டங்களிலே துண்டு என்றொரு முறை இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி அழைத்து வந்த தொழிலாளியின் தலையில், அவன் ஊரை விட்டுப் புறப்பட்ட நாள் முதலே கடன் ஏறிவிடும். வழிச்செலவு கடன், அரிசி கடன், போர்க்கும் கம்பளியும் கடன். அந்தத் தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுத்தான் துண்டு. துண்டில்லாதவனை அயற்றோட்டத்துத் துரை ஏற்கமாட்டான். புதிய துரை பழைய துரைக்குப் பணத்தைக் கட்டுவான். கடன் தொழிலாளியின் தலையை விட்டு இறங்காது, வாங்குபவன் கை மாத்திரம் மாறும். முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தது. 1921ஆம் ஆண்டிலே துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒழிந்துபோயிற்று என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். இப்பொழுது அது பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஆங்கிலத் தேர்வில் சித்தியடைந்து, ஆகாய விமானம் ஏறி இலண்டனில் இறங்கியிருக்கிறது. அன்று ராமநாதபுரத்துக் கூலியாளுக்கு எழுதப்பட்ட சீட்டு இன்று வடமராட்சிப் பட்டதாரிக்கு எழுதப்படுகிறது. சிறைத்தண்டனை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக நாடுகடத்தல் என்ற அச்சம் இருக்கிறது. வேலையை விடும் சுதந்திரத்தைச் சட்டம் எழுத்திற் கொடுத்து, விட்டவன் 60 நாளில் வெளியேற வேண்டும் என்று அடுத்த வரியிற் பறித்துவிடுகிறது.

தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டால் எமது மக்கள் திடுக்கிடுவதற்கு நியாயம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வம் முழுவதையும் தம் முதுகிற் சுமந்த ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அவர்கள் வந்து போகிறவர்கள், நிலையாக வாழ வந்தவர்கள் அல்லர் என்பதே. மூன்று தலைமுறை உழைத்தவனும் தற்காலிகமானவன்! அந்த அநீதியை எதிர்த்துப் பிரிந்து வந்துதான் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். உழைப்பு மாத்திரம் வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்ற கொள்கையை எதிர்த்துப் பிறந்த அரசியல் எமது அரசியல். அதே கொள்கை இன்று வெள்ளைக்காரன் நாட்டில் எமது பிள்ளைகளுக்கு எதிராக நிற்கும்போது, அது பிறநாட்டு விவகாரம் என்று கைகழுவுவோர் தம் கட்சியின் பிறப்புப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும்.

இந்த வாசல் எப்படித் திறந்தது என்பதையும் சொல்லவேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் வருகை குறைந்தது. நோய்த்தொற்றுக் காலம் முதியோர் பராமரிப்பு இல்லங்களை நிலைகுலைத்தது. 2021-22இலே இங்கிலாந்தின் முதியோர், வலுவிழந்தோர் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ 1 இலட்சத்து 65 ஆயிரம் இடங்கள் வெற்றிடமாயின. சம்பளத்தைக் கூட்டினால் உள்ளூரார் வந்திருப்பார்கள். அதற்குப் பணம் ஒதுக்க அரசுக்கு மனம் வரவில்லை. 2022 பெப்ரவரியிலே பராமரிப்பாளர் வேலையும் விசாப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் இலங்கை வங்குரோத்தாயிற்று. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, கடவுச்சீட்டுக்கு மிக நீண்ட வரிசை. உரமின்றி வயல் வாடியது. மண்ணெண்ணெய் இன்றி இறைப்பு இயந்திரம் நின்றது. அவ்வாண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து சென்றனர். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு கொடுத்து, போய் டொலர் அனுப்புங்கள் என்று கொழும்பே வழியனுப்பியது.

அங்கே ஆளில்லை, இங்கே வாழ்வில்லை. இரண்டுக்கும் நடுவிலே தரகன் கடை விரித்தான்.

பிரித்தானிய அரசு கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்நாட்டு அதிகாரியே சாட்சி. எல்லைகள், குடிவரவு ஆகியவற்றின் சுயாதீனத் தலைமைப் பரிசோதகராக இருந்த டேவிட் நீல் என்பவரின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளிவந்தது. இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன! அனுமதிப்பத்திரம் பெற்றபோது நான்கே பேர் வேலை செய்வதாகச் சொன்ன இன்னொரு கம்பனிக்கு 1,234 சான்றிதழ்கள்! அனுமதிப்பத்திரம் பெற்ற 1,600 முதலாளிமாருக்கு ஒரேயொரு பரிசோதனை உத்தியோகத்தர்! அறிக்கை வெளிவந்தபோது அதை எழுதியவர் பதவியில் இல்லை. வேறு விடயங்களைப் பத்திரிகைகளுக்குச் சொன்னதற்காக முந்திய மாதமே அவரை நீக்கிவிட்டார்கள். 2025 யூலையிலே பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் உள்துறை அமைச்சைக் கண்டித்தது. விசாக் காலம் முடிந்தவர்கள் நாட்டை விட்டுப் போனார்களா என்ற அடிப்படைத் தகவலைக்கூட அமைச்சு சேகரிக்கவில்லை என்று அக்குழு சொன்னது.

இனி எம்மவரைப் பற்றி.

பராமரிப்பு வேலைச் சந்தை கொழுத்திருந்த காலத்தில், ஒரு சான்றிதழுக்காக முதலாளி அரசுக்குச் செலுத்திய கட்டணம் 239 பவுணுக்கு மேற்படவில்லை. 2025 ஏப்ரலிலேதான் அது 525 ஆயிற்று. அந்தக் கட்டணத்தையும் கழித்து, முதலாளி தனியே செலுத்த வேண்டிய திறன் வரியையும் கழித்துப் பார்த்தாலும், இங்கே சான்றிதழுக்கு வாங்கப்பட்ட விலையில் மிகப் பெரும்பகுதி இலாபமே. விற்றவர் யார்? வெள்ளைத் துரை மாத்திரம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. தமிழன் தமிழனுக்கு விற்றான். ஊர்ச் சங்கத்தின் மேடையில் ஏறி இனத்தின் துயர் பேசியவனும் விற்றான். தொலைபேசியிலே 'தம்பி' என்று அழைத்து, 'உங்களுடைய அப்பாவை எனக்கு நல்லாய்த் தெரியும்' என்று சொல்லி விற்றான். பழைய பெரிய கங்காணியும் சாதிசனம், ஊர்முறை, உறவுமுறை சொல்லித்தான் ஆள் சேர்த்தான். தலைக்காசும் வாங்கினான். அவனாவது தோட்டத்தில் தன் ஆட்களின் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தான். இவனுடைய தொலைபேசி விமானம் இறங்கிய மறுநாள் எடுபடாது.

எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்களுள் ஒரு கமக்காரரைச் சொல்வோம். வெங்காயமும் புகையிலையும் செய்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்தவன் விவசாய டிப்ளோமா படித்துவிட்டு வேலையின்றி இருந்தான். செம்மண் தோட்டக்காணி ஐந்து பரப்பு. அதில் மூன்று பரப்பை ஒற்றி வைத்தார். மனைவியின் சீதனத் தாலிக்கொடி வங்கிக்குப் போயிற்று. மிகுதி வட்டிக்கு வந்தது. எல்லாமாக நாற்பது இலட்சத்துக்கு மேல். பிள்ளை போய் இறங்கினான். முழுநேர வேலை என்று சான்றிதழிற் கண்டிருந்தது. கிடைத்தது வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் அதுவும் இல்லை. எட்டுப் பேர் ஓர் அறையில். மணித்தியாலத்தைக் கூட்டித் தரும்படி கேட்டபோது, 'நான் அமைச்சுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் நீர் விமானத்தில் இருப்பீர்' என்று விடை வந்தது. முறையிட அஞ்சி ஏழு மாதம் இருந்தான். எட்டாம் மாதம் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தாயிற்று என்று கடிதம் வந்தது. 60 நாள். இங்கே தகப்பனார் தம்முடைய சொந்தத் தோட்டத்திலே, ஒற்றி பிடித்தவருக்காகக் கூலிக்கு இறைக்கிறார். தேசவழமையிலே ஒற்றி என்பது மீட்கக்கூடிய உரிமை என்று அவருக்கு நாம் விளக்கினோம். 'மீட்கக் காசு எங்கே, ஐயா?' என்று கேட்டார். சட்டத்தில் அதற்கு விடை இல்லை.

அவர் கையில் இருந்த பத்திரங்களை வாசித்தோம். ஒற்றி உறுதி நொத்தாரிசு முன்னிலையில் ஒழுங்காக முடிக்கப்பட்டிருந்தது. அடகுச் சீட்டு ஒழுங்காக இருந்தது. ஒழுங்கற்றது ஒன்றே: தரகனுக்குக் கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. கடன் முழுவதற்கும் சான்று உண்டு, கடன் வாங்கிக் கொடுத்ததற்குச் சான்று இல்லை! 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி ஆட்சேர்ப்புத் தொழில் நடத்துவது குற்றம். குற்றத்தை நிறுவ எழுத்து வேண்டும். எழுத்து இல்லாதபடி பார்த்துக்கொள்வதே இத்தொழிலின் முதற் பாடம்.

இங்கே சில கனவான்கள் குறுக்கிட்டுக் கேட்பார்கள்: யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே, படித்தவர்கள்தாமே, ஒப்பந்தத்தை வாசித்துத்தானே கையொப்பம் இட்டார்கள்? சட்டக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் இதற்கு விடை தெரியும். ஒப்பந்தம் என்றால் இரு பக்கமும் அதை மீறலாம். மீறியவர் நட்டஈடு கொடுப்பார். வேலை ஒப்பந்தத்தை மீறிய முதலாளி இங்கே இழப்பது சில பவுண்; அதே ஒப்பந்தம் முறிந்தால் வேலையாள் இழப்பது வீடு, பிள்ளையின் பாடசாலை, நாட்டில் நிற்கும் உரிமை. ஒரு தட்டில் காசும் மறு தட்டில் வாழ்வும் வைக்கப்பட்ட தராசை நாம் ஒப்பந்தம் என்று சொல்ல மாட்டோம். தொழில் நியாயசபை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே வழக்கு விசாரணைக்கு வருமுன் 60 நாள் முடிந்து, வழக்காளி கட்டுநாயக்காவில் இறங்கியிருப்பான்.

இரண்டாவது வாதம் முதலாளிமாருடையது. நாம் செலவழித்து ஆளைக் கொண்டுவருகிறோம், மறுநாளே அவன் அடுத்த வீட்டுக்காரனிடம் போனால் எமது செலவு என்னாவது என்கிறார்கள். தோட்டத்துரை 1921க்கு முன்பு சொன்னதும் இதுவே, எழுத்துக்கு எழுத்து! செலவைப் பங்கிட வழி இல்லையா? இரண்டாவது முதலாளி மிஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தை முதலாமவருக்குச் செலுத்தட்டும். அது முதலாளிமார் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஈடாக ஏன் ஒரு மனிதனை நிறுத்தி வைக்க வேண்டும்?

முடியாத காரியத்தை நாம் கேட்பதாகவும் யாரும் எண்ண வேண்டாம். பிரித்தானியாவின் சொந்தச் சட்டப் புத்தகத்தையே திறந்து காட்டுவோம். 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் நிறத்தைப் பார்த்து வாசலைச் சாத்துவதற்காக வந்த சட்டம்; அதற்காக அதை நாம் வெறுக்கிறோம். ஆயினும் அச்சட்டத்தின்கீழ் வேலைச் சீட்டுப் பெற்று உட்சென்ற பொதுநலவாய நாட்டவன், உள்ளே சென்ற பின் ஒரே முதலாளியின் சொத்தாகவில்லை, குடியமர முடிந்தது. எமது வைத்தியர்களும் பொறியியலாளர்களும் அப்படித்தான் போய் நிலைத்தார்கள். 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 சனவரி முதலாந் திகதி அமுலுக்கு வந்தபோதுதான் அந்தச் சீட்டின் இடத்தை, இன்ன முதலாளியிடம் இன்ன வேலைக்கு என்று கட்டிய வேலை அனுமதி பிடித்தது. ஆகவே இந்தக் கட்டு இயற்கை நியதி அன்று. ஒரு பாராளுமன்றம் போட்ட முடிச்சு. இன்னொரு பாராளுமன்றம் அவிழ்க்கலாம்.

அவுஸ்திரேலியா சற்றேனும் அவிழ்த்திருக்கிறது. அங்கே 1996இலே 457 என்ற இலக்கமுடைய தற்காலிக வேலை விசா தொடங்கியது. வேலை இழந்தவனுக்கு முதலில் 28 நாள் கொடுத்தார்கள். 2013இல் 90 ஆக்கினார்கள். 2016இல் மறுபடி 60 ஆகக் குறைத்தார்கள். 457 ஒழிந்து 2018இலே 482 வந்தது. 2024 யூலை முதல், முதலாளியை விட்ட தொழிலாளிக்கு ஒரே தொடர்ச்சியில் 180 நாளும், விசாக் காலம் முழுவதிலும் மொத்தம் 365 நாளும் கிடைக்கும். அக்காலத்தில் வேறிடத்தில் உழைக்கவும் செய்யலாம். விசாவைக் காட்டி வேலையாளை மிரட்டுவது அங்கே அதே திகதியிலிருந்து குற்றவியற் குற்றம். கத்தார் கூட, நடைமுறையின் குறைகள் எவ்வளவாயினும், பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இன்றி வேலை மாறலாம் என்று 2020இலே சட்டத்தில் எழுதிவிட்டது. பாராளுமன்றங்களின் தாய் என்று பெருமை பேசும் நாடு இதில் தோகாவுக்குப் பின்னால் நிற்பதில் வெட்கம் கொள்ளாதா?

அந்நாட்டுத் தொழிலாளரின் கோபமும் எமக்கு விளங்காததன்று. வெளிநாட்டான் வந்து சம்பளத்தைக் குறைக்கிறான் என்கிறார்கள். குறைப்பது வந்தவன் அன்று, அவன் காலிலுள்ள கட்டு. 'இல்லை' என்று சொல்ல முடியாதவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, 'இல்லை' என்று சொல்லக்கூடிய உள்ளூரானுக்கு ஏன் கூடக் கொடுக்கப் போகிறான்? இதை விளங்கிக்கொண்டபடியாலேதான் பிரித்தானியாவின் பெரிய தொழிற்சங்கமாகிய யுனிசன், சான்றிதழ் தனி முதலாளியிடம் இராமல் துறை முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. எமது கோரிக்கையும் அதுவே. பராமரிப்பு வேலைக்கு என்று வந்தவன் அந்தத் துறையில் எந்த முதலாளியிடமும் உழைக்கலாம் என்று விசா அவன் பெயரில் நிற்கட்டும். அது நடக்குமளவும் 60 நாளை 180 ஆக்கட்டும். முதலாளியின் குற்றத்தால் வேலை இழந்தவனுக்கு, அவன் கொடுத்த முறைப்பாடு தீரும்வரை ஒரு நாளும் எண்ணக்கூடாது.

இலண்டனில் எமது வாக்குக்கு இன்று பெறுமதி இருக்கிறது. ஹாரோவிலும் பிரென்றிலும் ஈலிங்கிலும் தமிழர் வாக்குக் கேட்டு வேட்பாளர்கள் பொங்கல் விழாவுக்கு வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த பொங்கலுக்கு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியையும் கேட்டால் என்ன? அங்குள்ள எமது சங்கங்கள், சான்றிதழ் விற்றவனைத் தலைவராக மேடையில் இருத்துவதை முதலில் நிறுத்தட்டும்.

கொழும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024இலே வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைக் கடந்தது. அந்தப் பணத்தை எண்ணுவதற்கு ஒரு மத்திய வங்கியே இருக்கிறது. அனுப்பியவனுடைய ஒற்றிக் காணியை எண்ண எவரும் இல்லை. அனுமதிப்பத்திரம் இரத்தான கம்பனிகளிலே சிக்கிய இலங்கையர் எத்தனை பேர், அவர்களுக்காகத் தூதரகம் செய்தது யாது என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரு கேள்வியாவது எழுத்தில் கொடுக்கட்டும். காணி விடுவிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நன்று, வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருக்கும் காணி அங்குலம் அங்குலமாக மீட்கப்பட வேண்டியதே. அதே வேளையில் மீதமுள்ள காணி வட்டிக்காரனிடம் போவதையும் பார்க்கவேண்டாமா?

போகாதே என்று இளைஞருக்கு உபதேசம் செய்ய நாம் வரவில்லை. மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் இருந்து மணியோடர் அனுப்பிய பாட்டன்மாரின் பணத்திலே கல்வீடு கட்டிய சமூகம் அப்படிச் சொல்லத் தகுதியுடையதன்று. அந்தப் பாட்டன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனான், பென்சனோடு திரும்பினான், போவதற்குக் காணியை ஒற்றி வைத்தவன் அரிது. போவதற்குரிய விலையும் போன பின் உள்ள நிலையும் என்னவென்றே நாம் கேட்கிறோம்.

கடைசியாக, இன்றைய நிலை. 2024 மார்ச் 11 முதல், புதிதாகப் போகும் பராமரிப்பாளர் மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாதாயிற்று. 2025 யூலை 22ஆந் திகதியோடு வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரைப் புதிதாக எடுக்கும் வழியே மூடப்பட்டுவிட்டது. ஏற்கெனவே அங்கிருப்போர் வேறு முதலாளிக்கு மாறுவதற்கு 2028 யூலை வரை இடைக்கால ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் என்றிருந்ததைப் பத்தாக்கும் யோசனை 2025 மேயில் வந்தது. அவ்வாண்டு நவம்பரிலே பராமரிப்பாளர் போன்றோருக்குப் பதினைந்து என்றார்கள். பதினைந்து வருடம் என்பது பதினைந்து வருடத் துண்டு. போனவர்கள் கட்டுண்டு நிற்கும் காலத்தை நீட்டிக்கொண்டே, வந்தது போதும் என்று கதவையும் சாத்துகிறார்கள்.

அங்கிருப்போர் சம்பளச் சீட்டு, வேலை நேரப் பட்டியல், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்பட்ட தேர்ச்சித் தொழிலாளர் சான்றிதழுக்கான கட்டணத்தை வேலையாளிடமிருந்து முதலாளி அறவிட முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இங்கே, யூலை மாதத்துக்குப் பின்னரும் இலண்டன் பராமரிப்பு வேலைக்குச் சான்றிதழ் இருக்கிறது என்று வீட்டுப் படலையில் வந்து நிற்பவன் விற்பது வெறுங்கடதாசி. அவனிடம் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள், பற்றுச்சீட்டு இல்லை என்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். வங்கியிற் பணம் எடுத்த திகதி, தொலைபேசிச் செய்தி, கூடப் போன அயலவரின் வாய்மொழி ஆகிய மூன்றும் இருந்தாற் பொலிசுக்கும் பணியகத்துக்கும் முறைப்பாடு எழுத அதுவே தொடக்கத்துக்குப் போதும். எழுதித் தர எம்மிடம் கட்டணம் இல்லை.